குதிகால் வலியோடு லே வரை சைக்கிள் மிதிக்கலாமா? எப்போது நிறுத்த வேண்டும்?

மணாலியிலிருந்து கிளம்பி ஐந்தாவது நாள். சர்ச்சுவில் கூடாரம். சுமார் 4,300 மீட்டர் உயரம். காலையில் எழுந்து முதல் அடி எடுத்து வைக்கிறீர்கள். குதிகாலுக்கு மேலே, பின்பக்கம், சுருக்கென்று வலி. ஆனால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் குறைந்துவிடுகிறது. சைக்கிளில் ஏறிப் பத்து நிமிஷத்தில் வலி இருந்த இடமே தெரியவில்லை. 'அப்பாடா, சரியாகிடுச்சு' என்று நினைக்கிறீர்கள்.

பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். காலையில் இறுக்கம், உடம்பு சூடானதும் நிம்மதி, மறுநாள் காலை முந்தைய நாளைவிடக் கொஞ்சம் அதிக வலி. தசைநாண் பிரச்னை பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

லீவு போட்டாச்சு, விமான டிக்கெட் எடுத்தாச்சு, ஆபீஸ் முழுக்கச் சொல்லியும் ஆச்சு. இந்த நேரத்தில் 'வலியோடு போகலாமா, நிறுத்தணுமா' என்ற கேள்விக்கு நிதானமாகப் பதில் தேடுவது கஷ்டம். அதனால் கிளம்பும் முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

வலிப்பது நரம்பா?

நம்ம ஊரில் இதை 'நரம்பு இழுத்துடுச்சு' என்போம். உண்மையில் அது நரம்பு இல்லை. தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் கயிறு போன்ற திசு அது. தமிழில் தசைநாண், டாக்டர்கள் சொல்வது டெண்டன். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண்தான் உடம்பிலேயே தடிமனானது, வலுவானது.

இதற்கு ஒரு குறை உண்டு. தசையோடு ஒப்பிட்டால் ரத்த ஓட்டம் குறைவு. எனவே பழுது பார்க்கும் வேலையும் மெதுவாகவே நடக்கும். இரண்டு மாதப் பயிற்சியில் உங்கள் மூச்சும் தொடைத் தசையும் தேறிவிடலாம். தசைநாண் அவ்வளவு சீக்கிரம் தயாராகாது. 'தெம்பு இருக்கே' என்று நீங்கள் வேகமாக மிதிக்கும்போது பின்தங்கி நிற்பது அதுதான்.

முன்பு இதை வீக்கம், அழற்சி என்று மட்டுமே பார்த்தார்கள். நாள்பட்ட வலியில் அழற்சியைவிட, தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏறியதால் திசுவின் அமைப்பே மாறுவதுதான் முக்கியம் என்பது இப்போதைய புரிதல். அதனால்தான் வீக்கத்துக்கான மாத்திரை மட்டும் இதைக் குணப்படுத்துவதில்லை.

ஒரு சின்னக் கணக்கு

நிமிடத்துக்கு 70 சுற்று வீதம் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் மிதித்தால், ஒரு காலுக்கு 25,200 மிதி. பத்து நாளில் 2,52,000. ஒவ்வொரு மிதியிலும் தசைநாண் இழுபடுகிறது. சீட் உயரத்தில் சின்னத் தவறு இருந்தாலும் அது இரண்டரை லட்சம் முறை திரும்ப நடக்கிறது.

அடுத்தது கியர். ஏற்றத்தில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால், இந்த வேகத்துக்கு நிமிடத்தில் சுமார் 33 மிதிதான் வரும். முன்னால் 22, பின்னால் 34 பல் என்றால் சுமார் 61 மிதி. ஏற்றமும் வேகமும் மாறவில்லை. ஆனால் முதல் சைக்கிளில் ஒவ்வொரு மிதிக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தம் கொடுக்க வேண்டும். கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளையும் 5,300 மீட்டருக்கு மேலிருக்கும் தங்லாங் லாவையும் எந்த சைக்கிளில் ஏறப் போகிறீர்கள் என்பதை வாடகைக்கு எடுக்கும்போதே பாருங்கள். பெயின்ட்டைப் பார்க்கும் முன் பல்லை எண்ணுங்கள்.

வழியில் என்ன மாற்றலாம்?

வலி எங்கே என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

• குதிகாலுக்கு மேலே வலி: சீட் அதிக உயரமாக இருந்தால், ஒவ்வொரு மிதியின் அடியிலும் பாதத்தை நீட்டி எட்ட வேண்டி வரும். சீட்டைக் கொஞ்சம் இறக்குங்கள். விரல் நுனியால் மிதிக்கும் பழக்கமும் சுமையைக் கூட்டும்.

• முழங்கால் முன்பக்கம், சிப்பிக்குக் கீழே வலி: சீட் தாழ்வாகவோ ரொம்ப முன்னாலோ இருக்கலாம். கனமான கியரும் காரணமாகலாம்.

• முழங்காலுக்குப் பின்னால் வலி: பெரும்பாலும் சீட் உயரம் அதிகம்.

சீட் உயரத்தைச் சரிபார்க்க எளிய வழி: சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக வந்தால் உயரம் கிட்டத்தட்ட சரி. மாற்றும்போது ஒரே நாளில் இரண்டு சென்டிமீட்டர் வேண்டாம். மூன்று முதல் ஐந்து மி.மீ. மாற்றி, ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

அக்கிலிஸ் வலிக்கு இன்னொரு உபாயம் உண்டு, செலவே கிடையாது. சாதாரண ஷூ, தட்டையான பெடல் என்றால் பாதத்தை முன்னால் தள்ளி வைத்து, நடுப்பாதத்தால் மிதியுங்கள். கணுக்காலில் நெம்புகோல் நீளம் குறைவதால் கெண்டைக்காலும் தசைநாணும் குறைவாக உழைக்கும். கிளீட் ஷூ என்றால் கிளீட்டைப் பின்னால் நகர்த்துங்கள். சாமான்களில் ஒரு பகுதியைக் கூட வரும் வண்டியில் போட்டுவிடுவதும் சுமைக் குறைப்புதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வலி எடுத்ததும் படி விளிம்பில் நின்று குதிகாலைத் தொங்கவிட்டு இழுப்பது பலரின் வழக்கம். தசைநாண் எலும்போடு சேரும் இடத்தில் வலி என்றால், இது அந்த இடத்தை இன்னும் நசுக்கும். தைலம் தடவலாம், தற்காலிக இதம் கிடைக்கும். அதற்காக வலிக்கும் இடத்தை அழுத்திப் பிசைய வேண்டாம்.

தொடரலாமா, நிறுத்தலாமா?

வலி வந்தாலே எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்பதில்லை. சுவீடனில் அக்கிலிஸ் பிரச்னை உள்ளவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, 5-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு ஓட்டத்தைத் தொடர்ந்தவர்கள், சிகிச்சையின் தொடக்கத்தில் ஓட்டத்தை நிறுத்தி ஓய்வெடுத்தவர்களைவிட மோசமாகிவிடவில்லை. ஆனால் இரு தரப்பும் கூடவே உடற்பயிற்சி சிகிச்சையும் எடுத்தார்கள். ஆஸ்பத்திரி தொலைவில் இருக்கும் மலைச்சாலையில் இன்னும் கறாராக இருப்பது நல்லது.

தினமும் காலையில் எழுந்ததும் பத்தடி நடந்து ஒரு மதிப்பெண் போட்டு, போனில் குறித்து வையுங்கள்.

0–3, நேற்றைவிடக் கூடவில்லை: போகலாம். லேசான கியர், குறைந்த தூரம்.

4–5, அல்லது இரண்டு நாளாகக் கூடிக்கொண்டே வருகிறது: அன்று ஓய்வு, அல்லது அந்த ஏற்றத்தை வண்டியில் கடந்துவிடுங்கள்.

5-க்கு மேல், நொண்டி நடக்கிறீர்கள், அல்லது கணுக்காலை அசைக்கும்போது விரல் வைத்துப் பார்த்தால் 'கரகர'வென்று உரசுகிறது: சைக்கிளை ஏற்றிவிடுங்கள். அந்த உரசல், தசைநாணைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி என்பதற்கான அறிகுறி.

இரண்டு நிலைமைகளில் யோசிக்கவே வேண்டாம், உடனே டாக்டர். ஒன்று, பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல 'பட்' என்ற உணர்வு, அதன்பின் நுனிக்காலில் நிற்க முடியவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம். இரண்டு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

மருந்துப் பையில் இருக்கும் ஆபத்து

பலருக்கும் தெரியாத விஷயம் இது. பயணத்தில் வயிறு கெட்டால் நாம் என்ன செய்கிறோம்? மெடிக்கல் ஷாப்பில் கேட்டு சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது ஓஃப்லாக்சசின் போட்டுக்கொள்கிறோம். இரண்டும் ஃப்ளூரோகுயினலோன் வகை ஆன்டிபயாடிக். இவை தசைநாணைப் பாதிக்கலாம், அறுந்துபோகவும் செய்யலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-ல் தன் மிகக் கடுமையான கட்டம் கட்டிய எச்சரிக்கையைச் சேர்க்க உத்தரவிட்டது. அதிகம் பாதிக்கப்படுவது அக்கிலிஸ்தான்.

உயர நோய்க்காகச் சிலர் பையில் வைத்திருக்கும் டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் இது அரிதான பக்கவிளைவுதான்; டாக்டர் அவசியம் என்று கொடுத்தால் மறுக்காதீர்கள். ஆனால் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கிளம்பும் முன், நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டப் போவதைச் சொல்லி, மாற்று மருந்து கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து ஓ.ஆர்.எஸ்.தான்.

வலி மாத்திரைக்கும் எச்சரிக்கை தேவை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு மிதித்தால் வலி என்ற அலாரம் அணைகிறது, சுமை குறைவதில்லை. உடம்பில் நீர் வற்றிய நிலையில் இவை சிறுநீரகத்தையும் சோதிக்கும். அக்கிலிஸ் அருகே ஸ்டீராய்டு ஊசி போட்டு 'உடனே சரி பண்ணிடலாம்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தசைநாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு.

ஊருக்குத் திரும்பிய பிறகு

ஒரு மாதம் சும்மா இருந்தால் வலி போகும். மறுபடி சைக்கிளில் ஏறினால் திரும்பி வரும். ஓய்வில் தசைநாண் இன்னும் பலவீனமாவதுதான் காரணம். அதற்குத் தேவை படிப்படியாகக் கூட்டப்படும் சுமை. 1998-ல் சுவீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் குழு வெளியிட்ட பயிற்சி இன்றும் பிசியோதெரபியில் பேசப்படுகிறது: நுனிக்காலில் எழுந்து, வலிக்கும் காலில் மெதுவாகக் குதிகாலை இறக்குவது. 15 முறை வீதம் மூன்று சுற்று, நாளைக்கு இரண்டு வேளை, 12 வாரம். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்து உங்கள் வலிக்கு ஏற்ப மாற்றித் தருவது நல்லது.

12 வாரம் நீளமாகத் தெரியலாம். ஐந்தாவது நாள் காலை 4 மதிப்பெண் போட்டுவிட்டு, ஒரு நாளை வண்டியில் கடந்தால் இழப்பது ஒரு நாள்தான். அதைத் தள்ளிப்போட்டால் அடுத்த சீசனே போய்விடலாம். தங்லாங் லா எங்கேயும் போகாது. அடுத்த கோடையிலும் அதே இடத்தில்தான் இருக்கும்.