புகை போய் ஆவி வந்தது

அல்சூர்ப் பக்கம் ஒரு காண்டிமெண்ட்ஸ் கடை வாசலில், காலைக் காபியோடு ஒரு சிகரெட் என்று இருபத்திரண்டு ஆண்டுகள் ஓட்டியவன் நான். பெங்களூர்க் குளிருக்கு இதம் என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்கு. விட்டு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. போன தீபாவளிக்கு அக்கா மகன் பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்து ஊதினான். மாம்பழ வாசனை அடித்தது. "இது சிகரெட் இல்ல மாமா, வெறும் ஆவிதான்" என்றான். அன்று அவனிடம் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் நிகோட்டின் செய்யும் வேலையைப் பார்ப்போம். புகையை இழுத்த பத்துப் பதினைந்து விநாடிக்குள் அது மூளையை எட்டி, டோபமைன் என்ற பொருளைச் சுரக்க வைக்கிறது. மனசுக்கு ஒரு சுகம். சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள நிகோட்டின் பாதியாகக் குறைகிறது. உடனே எரிச்சல், படபடப்பு, வேலையில் கவனமின்மை. அடுத்த சிகரெட் அதைத் தணிக்கிறது. "டென்ஷன் போகுது" என்கிறோம். அந்த டென்ஷனைக் கொண்டு வந்ததே முந்தைய சிகரெட்தான்!

ஆனால் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் நிகோட்டின் அல்ல. புகையிலை எரியும்போது உண்டாகும் நச்சுப்பொருள்கள். இதை மனதில் வைத்தே சீன மருந்தாளுநர் ஹான் லிக் 2003-இல் இன்றைய இ-சிகரெட்டை உருவாக்கினார். புரோபிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின், வாசனைப் பொருள் கலந்த திரவம் பேட்டரிச் சூட்டில் ஆவியாகிறது. எதுவும் எரிவதில்லை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015-இல் இதைச் சிகரெட்டை விடத் தீங்கு மிகக் குறைந்தது என்று அறிவித்தது. ஆக, பையன் சொன்னதில் பாதி உண்மை உண்டு.

மீதிப் பாதிதான் ஆபத்து. தீங்கு குறைவு என்பது ஏற்கெனவே புகைப்பவருக்குச் சொன்னது. அக்கா மகன் சிகரெட்டையே தொட்டதில்லை. அவனுக்கு இது புதிதாக வந்த தீங்கு. சிகரெட்டாவது எரிந்து தீரும். இந்தக் கருவிக்கு முடிவே கிடையாது. படிக்கும்போதும் கையில், படுக்கையிலும் கையில்!

கர்நாடக அரசு இதை 2016-இல் தடை செய்தது. 2019-இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் சட்டம் கொண்டு வந்தது. விற்றால் முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எனவே இங்கு கிடைப்பது திருட்டுச் சரக்கு. உள்ளே எவ்வளவு நிகோட்டின் என்று சொல்ல ஆளில்லை. "சிகரெட்டை விற்கவிட்டு இதை மட்டும் தடுப்பதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடும்வரை நம் பிள்ளைகள் காத்திருக்க முடியாது.

எனக்கு வழி காட்டியது 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண். 2018 முதல் நம் ஊர் நிம்ஹான்ஸிலும் இதற்கு மையம் உண்டு. மருந்துக்கடை நிகோட்டின் கம்மும் உதவியது. மென்று, பிறகு கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். முதல் மூன்று நாள் கொடுமை. ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடங்கள்தான். ஒரு டம்ளர் தண்ணீர், தெருமுனை வரை ஒரு நடை, அது போய்விடும்.

வீட்டில் கண்டுபிடித்தால் கத்தாதீர்கள். நான் கத்தவில்லை. "மூணு நாள் இல்லாம இருந்து பாருடா" என்றேன். இரண்டாம் நாள் இரவு போன் செய்தான்: "மாமா, அந்த நம்பர் என்ன?"