சூதாட்டக் கப்பலும் சிநேகிதர் கடனும்

மேற்கு மாம்பலத்தில் ஆரியகௌடா சாலையையும் லேக் வியூ ரோட்டையும் சுற்றிய தெருக்களில் வளர்ந்து, உத்தியோகத்தில் அமர்ந்து, கையில் நாலு காசு புழங்கத் தொடங்கிய வாலிபர்கள், பண்டிகை விடுமுறையொன்று சனி ஞாயிறுடன் ஒட்டிக்கொண்டு வரும் சமயங்களில் நாலைந்து பேராகச் சேர்ந்து கோவாவுக்குப் புறப்படுவது இப்போது சகஜமாகிவிட்டது. கடற்கரையும் பழைய தேவாலயங்களும் பார்க்கத்தக்கவையே. ஆனால் பணஜி நகரில் மாண்டவி நதியில் நங்கூரமிட்டு நிற்கும் சூதாட்டக் கப்பல்களில் ஓர் இரவைக் கழிப்பதும் அந்தப் பிரயாணத்தின் ஓர் அங்கமாகிவிட்டபடியால், போகிறவர்களும் அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோரும் சில விஷயங்களை முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியமென்று கருதுகிறேன்.

தமிழ்நாட்டில் சூதாட்ட விடுதி நடத்துவது 1930-ஆம் ஆண்டுச் சட்டப்படியும், சென்னை நகருக்குள் 1888-ஆம் ஆண்டின் நகரப் போலீஸ் சட்டப்படியும் குற்றம். கோவாவிலோ 1976-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தை 1990-களில் திருத்தி, ஐந்து நட்சத்திர ஹோட்டல்களிலும் கப்பல்களிலும் உரிமம் பெற்று நடத்த இடமளித்தார்கள். 21 வயது நிரம்பாதவர் உள்ளே நுழையக் கூடாது. 2020 பிப்ரவரி முதல் கோவாவாசிகளுக்கும் அனுமதி இல்லை. தன் சொந்த ஜனங்களுக்கு ஆகாதென்று ஓர் அரசாங்கம் தீர்மானித்ததை வெளியூர்க்காரருக்கு மட்டும் திறந்துவைத்திருக்கிறது என்றால், வெளியூர்க்காரராகிய நாம் அதைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டாமா?

ஆட்டத்தின் கணக்கு ஒளிவு மறைவானதல்ல. ரூலெட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்களும் ஒரு பூஜ்யமுமாக 37 அறைகள் இருக்கின்றன. நாம் சொன்ன எண் விழுந்தால் வைத்த பணத்துக்கு மேல் கிடைப்பது 35 மடங்கு. இந்த வித்தியாசத்தினால், வைக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு விடுதிக்குச் சேர்கிறது. இரவு முழுவதும் சக்கரம் சுழன்றால் எங்கே போய் முடியுமென்று கணக்கரின் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இதற்கு மேல், பணத்துக்குப் பதிலாக வைத்தாடும் சிப் வாங்கக் கொடுக்கும் பணத்தின் மீது 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமாகிவிட்டது. ஆடாத சிப்புகளைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்த வரிக் கணக்கு குறைவதில்லை. ஜெயித்த பணத்துக்கோ 30 சதவீத வருமான வரியும், அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் உண்டு. தோற்றதை அதில் கழிக்க முடியாது. ஆகவே, முதல் நாள் 50,000 ரூபாய் ஜெயித்து மறுநாள் 60,000 தோற்றவன், கையில் 10,000 குறைந்து ஊர் திரும்பினாலும், ஜெயித்த 50,000-த்துக்காக 15,600 ரூபாய் வரி கட்டக் கடமைப்பட்டவனே.

இவற்றையெல்லாம்விடப் பெரிய அபாயம் கடனில் இருக்கிறது. நான் வற்புறுத்த விரும்புவதும் அதைத்தான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஹோட்டல் அறையில் சிநேகிதர்கள் தங்களுக்குள் சீட்டாடி ஒருவன் ஜெயித்த தொகையைக் கோரி வழக்குத் தொடர முடியாது. இதைக் கேட்டு, சூதாட்டத்துக்காக வாங்கிய கடனையும் திருப்ப வேண்டியதில்லை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. 1959-ல் கெருலால் பாரக் வழக்கில் உச்ச நீதிமன்றம், பந்தயம் செல்லாததே ஒழிய சட்டவிரோதமானதல்ல என்றும், ஆகையால் அதைச் சார்ந்து எழும் வேறு ஒப்பந்தங்கள் அதனாலேயே வீழ்ந்துவிடுவதில்லை என்றும் விளக்கியது. கப்பலில் நள்ளிரவுக்கு மேல் சிநேகிதன் ஜி-பேயில் அனுப்பிய கைமாற்றும், கிரெடிட் கார்டில் தேய்த்த தொகையும், செல்போனில் எடுத்த உடனடிக் கடனும் மாம்பலம் வரை நம்முடன் வந்துசேரும்.

உடனடிக் கடன் வாங்கியவருக்கும் உரிமைகள் உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கடன் தரும் வங்கியோ நிதி நிறுவனமோ யாரென்று செயலி தெரிவிக்க வேண்டும். தொகை வாங்குபவரின் கணக்குக்கே வர வேண்டும். தொலைபேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது. குறைந்தது ஒரு நாளாவது யோசனைக் காலம் கொடுத்தாக வேண்டும். அதற்குள் அசலையும் அதுவரைக்கான வட்டியையும் செலுத்தி, அபராதமின்றிக் கடனிலிருந்து விலகிவிடலாம். கடன் கொடுத்தவரிடம் புகார் செய்து 30 நாளில் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம். தொலைபேசி எண் 14448. படத்தை உருமாற்றி உறவினருக்கு அனுப்புவோம் என்று மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி ஆகியவை தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றங்கள். போலீஸில் புகார் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை.

பிரயாண ஏற்பாட்டாளர் சொன்ன அறையைக் கொடுக்கவில்லை, பணத்தைத் திருப்பவில்லை என்றால், அதற்காகக் கோவாவுக்கு அலைய வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரையானால் கட்டணமும் இல்லை. முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் பார்க்கலாம். ரசீதுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

போகத்தான் போகிறோம் என்பவர்கள், புறப்படுமுன்பே வங்கிச் செயலியில் தினசரி வரம்பைக் குறைத்துக்கொள்வதும், பொதுச் செலவுப் பணத்தை ஆடாத ஒருவரிடம் ஒப்படைப்பதும் உசிதம். கப்பலில் நுழைவுக் கட்டணத்தோடு மதுவும் சேர்ந்தே வருவதுண்டு. திருக்குறளில் கள்ளுண்ணாமை அதிகாரத்துக்கு அடுத்ததாகச் சூது வைக்கப்பட்டிருப்பதன் பொருத்தத்தை அங்கே கண்ணால் காணலாம்.

ஊர் திரும்பிய பிறகு, வீட்டிலிருந்தே ஆடலாம் என்று செல்போனுக்கு அழைப்புகள் வரக்கூடும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க வகை செய்திருக்கிறது. ஆடி ஏமாந்தவரை அது குற்றவாளியாக்கவில்லை. ஆகையால் பணத்தைப் பறிகொடுத்தவர் பயந்து ஒளிந்துகொள்ளாமல் புகார் செய்யலாம். சூதாட்டத்தை விட நினைத்தும் விட முடியாத நிலையை உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சம்பளம் வந்த மறுநாளே கைமாற்றுக் கேட்கும் மகனிடமும், வங்கிக் கணக்கை மறைக்கும் கணவனிடமும் கோபித்துக்கொள்வதால் பிரயோஜனமில்லை. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் வைத்தியர்களைப் பார்க்கலாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இரவும் பகலும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம். நோயாளி சம்மதிக்காத பட்சத்தில் வீட்டார் முதலில் பேசினாலும் போதும்.