சக்கரம் செல்லும் வழி

நுழையும்முன்

விரைந்து சென்று சேர்வது ஒருவகைப் பயணம். செல்லும் வழியைக் காண்பதற்காகவே செல்வது மற்றொரு வகை. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தை மிதிவண்டியில் மெல்லச் சுற்றிவரும் வழக்கம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகத் தொடரும் அவ்வழக்கம், சாலையிலும் ஆற்றங்கரையிலும் காட்டிலும் யார் செல்லலாம் என்னும் வினாவோடு பின்னிக் கிடக்கிறது. அவ்வழிகளுள் சிலவற்றின் கதையே இப்பாடம்.

தண்டவாளம் இருந்த தடம்

மேற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து நெரிசலின் நடுவே ஒரு தார்ப்பாதை தொடங்குகிறது. அதில் மகிழுந்துகள் செல்வதில்லை. குன்றுகள் சூழ்ந்த நிலமாயினும் பாதையில் செங்குத்தான ஏற்றம் இல்லை. நிலம் தாழும் இடத்தில் உயர்ந்த மண்கரையின்மீதும், நிலம் உயரும் இடத்தில் வெட்டப்பட்ட பள்ளத்தின் வழியும், ஓரிடத்தில் சுரங்கத்தின் உள்ளேயும் அது செல்கிறது. வழியில் மாங்கட்ஸ்ஃபீல்டு என்னுமிடத்தில் கூரையற்ற கற்சுவர்களும் நடைமேடைகளும் நிற்கின்றன; வண்டியோ பயணியோ அங்கே இல்லை. பார்த்த அளவிலேயே உண்மை விளங்கிவிடும். அது பழைய தொடர்வண்டித் தடம். நீராவிப் பொறிகள் செங்குத்தாக ஏறமாட்டா. அவற்றிற்காக நிலத்தைச் சமன்செய்த உழைப்பு இன்று மிதிப்பவரின் கால்களுக்குப் பயன்படுகிறது.

பிரிட்டனில் 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கை, இழப்பில் இயங்குவதாகக் கருதப்பட்ட இருப்புப்பாதைகளையும் 2,000க்கும் மேற்பட்ட நிலையங்களையும் மூடப் பரிந்துரைத்தது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்ட தடங்களில் முட்செடி மண்டியது. 1977இல் பிரிஸ்டலில் கூடிய ஒரு சிறு குழு, அத்தடங்களை மிதிவண்டிக்கும் நடப்போர்க்கும் உரியனவாக்க முனைந்தது. 1979 முதல் தன்னார்வலர்கள் மண்வெட்டியும் கையுமாக உழைத்தனர். பிரிஸ்டலையும் பாத் நகரையும் இணைக்கும் 21 கி.மீ. பாதை 1986இல் நிறைவுற்றது. அக்குழுவே பின்னர்ச் சஸ்ட்ரான்ஸ் என்னும் அறக்கட்டளையாக வளர்ந்து, 1995இல் நாடு தழுவிய மிதிவண்டி வழித்தடத் தொகுதியைத் தொடங்கியது.

சிறகு முளைத்த சக்கரம்

வழிகளுக்கான இம்முயற்சி 1977இல் தோன்றிய புதுமையன்று. முன்சக்கரம் ஆளுயரம் நின்ற பழைய மிதிவண்டியின் காலத்திலேயே, 1878இல், சுற்றுலா மிதிவண்டியோர் சங்கம் அமைந்துவிட்டது. அக்காலச் சாலைகளின் நிலை இரங்கத்தக்கது. தொடர்வண்டி வந்தபின் குதிரைவண்டிப் போக்குவரத்து நலிந்தது. நெடுஞ்சாலைகளைப் பேணுவார் இல்லை. சங்கத்தினர் செங்குத்தான சரிவுகளின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகைகளை நட்டனர். உறுப்பினர்களை நியாயமான கட்டணத்தில் ஏற்கும் விடுதிகளுக்குச் சிறகு முளைத்த சக்கரத்தைச் சின்னமாக வழங்கினர். 1886இல் சாலை மேம்பாட்டிற்கென ஒரு தனிக்கழகம் தோன்றவும் துணைநின்றனர். மிதிவண்டியோர் மன்றாடிப் பெற்ற நல்ல சாலைகளில் அடுத்த தலைமுறையில் மகிழுந்துகள் நிறைந்து, மிதிவண்டியை ஓரத்துக்குத் தள்ளின என்பது வரலாற்றின் குறும்பு.

1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கவென்ட்ரி நகரில் இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒத்த அளவுடைய மிதிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1888இல் டன்லப்பின் காற்றடைத்த உருளிப்பட்டை வந்தது. அதே ஆண்டில் வந்த ஒரு சட்டம், மிதிவண்டியும் சாலைக்குரிய ஊர்தியே என்று உறுதிசெய்தது. பிறரை முந்தும்போது மணியடித்தோ வேறு வகையிலோ ஒலியெழுப்பவேண்டும் என்றும் விதித்தது. விலை மெல்லக் குறையக் குறைய, கடைச் சிப்பந்திகளும் எழுத்தர்களும் ஓய்வு நாள்களில் நகரத்தைவிட்டு வெளியேறினர். துணிக்கடைப் பணியாளன் ஒருவனின் மிதிவண்டி விடுமுறையை எச்.ஜி. வெல்ஸ் 1896இல் ஒரு புதினமாகவே எழுதினார்.

பெண்களுக்கு அவ்வழி அத்துணை எளிதாக இல்லை. தரையைத் தொடும் பாவாடை சக்கரத்தில் சிக்கும். ஆதலால் சிலர் அகன்ற காற்சட்டை அணிந்தனர். 1898இல் ஹார்பர்ட்டன் சீமாட்டி அவ்வுடையில் சரே மாவட்டத்து விடுதி ஒன்றை அடைந்தபோது, விடுதி நடத்திய பெண்மணி அவரை உணவுக்கூடத்தில் அமரவிடவில்லை. ஆண்கள் மது அருந்தும் அறையைக் காட்டினார். சங்கம் வழக்குத் தொடுத்தது. 1899இல் வந்த தீர்ப்பு விடுதிக்கே சாதகமாயிற்று. வழக்கில் தோற்றாலும், ஒரு பெண் என்ன உடுத்தி எங்கே அமரலாம் என்னும் வினா நாடெங்கும் பேசப்பட்டது. அவ்வாண்டில் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 60,000ஐக் கடந்திருந்தது.

நீரின்மீது ஓடும் நீர்

பாத் நகரில் தொடர்வண்டித் தடம் முடிய, கென்னட்–ஏவன் கால்வாயின் கரை தொடங்குகிறது. 1810இல் முழுமையாகத் திறக்கப்பட்ட இக்கால்வாய் லண்டனையும் பிரிஸ்டலையும் நீர்வழியே இணைப்பதற்கு உதவியது. கரைப்பாதை மிதிவண்டிக்காகத் தோன்றியதன்று. சரக்குப் படகுகளைக் கயிறு பூட்டி இழுத்த குதிரைகள் நடந்த தடம் அது. பழைய கால்வாய்ப் பாலங்களின் கல் விளிம்புகளில் அக்கயிறுகள் அறுத்த தழும்புகளை இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம். மகிழுந்தில் செல்பவர் இதனைக் காண வழியே இல்லை. மிதிவண்டியில் விரைபவரும் காணார். நாளொன்றுக்கு 40 அல்லது 50 கி.மீ. போதும் என்று மனநிறைவு கொண்டவருக்கே இது கிட்டும்.

ஏவன் ஆறு பள்ளத்தாக்கின் அடியில் வளைந்து வளைந்து ஓடக் கால்வாயோ அதனினும் உயரத்தில் மலைச்சரிவைப் பற்றிக்கொண்டு செல்கிறது. டண்டாஸ், ஏவன்கிளிஃப் ஆகிய ஈரிடங்களில் கால்வாய், கல்லாலான தொட்டிப்பாலத்தின்மீது ஆற்றைக் கடக்கிறது. கீழே ஆறு, மேலே படகு, படகின் அருகே மிதிவண்டி. இவற்றைக் கட்டிய பொறியாளர் ஜான் ரென்னி. பிராட்ஃபோர்டு ஆன் ஏவன் என்னும் சிற்றூரில், 14ஆம் நூற்றாண்டின் பெரிய களஞ்சியம் ஒன்று கால்வாய்க்கு மிக அருகிலேயே நிற்கிறது. குடியானவர்கள் மடத்துக்குச் செலுத்திய விளைச்சலின் பங்கு அங்கே சேர்க்கப்பட்டது.

டிவைசஸ் ஊரை நெருங்கும்போது கேன்ஹில் குன்று எதிர்ப்படுகிறது. நீர் குன்றேறாது என்பதால், இருபுறமும் கதவுகள் உடைய தொட்டிகளைப் படிக்கட்டுகளைப்போல் அடுக்கினர். படகு உள்ளே நுழைந்ததும் கதவை மூடி நீரை நிரப்பினால் அது ஒரு படி உயரும். இத்தகைய தொட்டிகள் இங்கே 29. அவற்றுள் 16 ஒரே நேர்க்கோட்டில் அமைந்தவை. படகு இதனைக் கடக்கப் பல மணிநேரம் ஆகும்.

1841இல் லண்டன்–பிரிஸ்டல் இருப்புப்பாதை வந்ததும் கால்வாயின் வணிகம் சரிந்தது. அடுத்த நூற்றாண்டின் நடுவில் பல பகுதிகள் வறண்டும் தூர்ந்தும் கிடந்தன. ஆர்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்துச் சீர்செய்தபின், 1990இல் அரசி இரண்டாம் எலிசபெத் அதனை மீண்டும் திறந்துவைத்தார். இருப்புப்பாதை கால்வாயை வீழ்த்தியது. மகிழுந்து இருப்புப்பாதைகளை வீழ்த்தியது. வீழ்ந்த இரண்டின்மீதும் மிதிவண்டி செல்கிறது.

மஞ்சள் அம்பும் நீல அம்பும்

கால்வாய்க் கரையில் மிதிவண்டி செல்வது பெரும்பாலும் சட்டம் தந்த உரிமையாலன்று. கரையைப் பேணும் அறக்கட்டளையின் இசைவால்தான். இவ்வேறுபாடு சிறிதன்று. இசைவை அளித்தவர் திரும்பப் பெறலாம்.

இங்கிலாந்தின் வயல்களும் காடுகளும் பெரும்பாலும் தனியார் உடைமைகள். ஆயினும் அவற்றினூடே தொன்றுதொட்டு மக்கள் நடந்த வழிகள் பொதுவழிகளாகவே நீடிக்கின்றன. 1932இல் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தில் தடையை மீறி நூற்றுக்கணக்கானோர் நடந்தனர். ஐவர் சிறை சென்றனர். 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்தோறும் பொதுவழிகளை நிலப்படத்தில் பதிவுசெய்யப் பணித்தது. அதுவரை மிதிவண்டிக்கு நிலை தெளிவாக இல்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டமே, குதிரை செல்லும் வழியில் மிதிவண்டியும் செல்லலாம் என்றது. நடப்போர்க்கும் குதிரையேறி வருவோர்க்கும் வழிவிடவேண்டும் என்பது அதனோடு வந்த நிபந்தனை. நடைவழிகளில் மட்டும் மிதிவண்டிக்கு இன்றும் உரிமை இல்லை. அண்டை நாடாகிய ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், பொறுப்போடு செல்லும் மிதிவண்டியோர்க்குப் பெரும்பாலான நிலங்களைத் திறந்துவிட்டது. எல்லை கடந்தால் உரிமையும் மாறுகிறது!

ஆதலால் நிலப்படம் படிக்கத் தெரிவது பயணத்தின் முதற்பாடம். அளவைத் துறை வெளியிடும் படத்தில் குறுங்கோடுகள் நடைவழியையும் நெடுங்கோடுகள் குதிரைவழியையும் உணர்த்தும். நிலத்திலோ மரத்தூண்களில் அம்புக்குறிகள் உண்டு. மஞ்சள் நிறம் நடப்போர்க்கு; நீலம் குதிரைக்கும் மிதிவண்டிக்கும்.

டிவைசஸுக்குக் கிழக்கே, மார்ல்பரோவை அடுத்து, வெஸ்ட் வுட்ஸ் என்னும் காடு உள்ளது. ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும், மரங்களின் இலைகள் விரிந்து வெயிலை மறைக்கும் முன்னர், நீலமணிப் பூக்கள் தரையெங்கும் பூத்துவிடும். வெயில் எட்டும் அச்சில வாரங்களே அவற்றின் காலம். ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்களுள் பெரும்பாலானவை ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவிலுள்ள இக்காட்டுப் பகுதியிலிருந்து சென்றவை என 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. 20 டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள கல்லைச் சக்கரமின்றி அவர்கள் எவ்வழியே இழுத்தனர் என்பது இன்னும் புலப்படவில்லை.

காட்டு வழிகளில் சில இடங்களில் மரக்கதவுகள் குறுக்கிடும். மிதிப்பவர் இறங்கி, கதவைத் திறந்து, வண்டியை உருட்டி, திறந்த கதவை மீண்டும் சாத்தித் தாழிட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும். அப்பால் ஆடுகள் மேயக்கூடும்.