பழைய டெஸ்க்டாப் எதற்காகக் காத்திருக்கிறது?

2017-ல் அசெம்பிள் செய்த ஒரு டெஸ்க்டாப்பை எடுத்துக்கொள்வோம். இன்டெல் கோர் ஐ5-7400 பிராசசர், எச்110 மதர்போர்டு, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். அந்த ஆண்டில் ஒரு நடுத்தரக் குடும்பமோ சிறிய அலுவலகமோ கொஞ்சம் தாராளமாகச் செலவழித்திருந்தால் ஏறத்தாழ இப்படியொரு பெட்டிதான் வீட்டுக்கு வந்திருக்கும். இன்று அதை ஆன் செய்தால், திரை வந்த பிறகும் சில நிமிடங்கள் எதையும் தொட முடிவதில்லை. உடனே வீட்டில் இரண்டு கட்சிகள். "தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம்" என்பது ஒன்று. "பிராசசரை மாற்றினால் சரியாகிவிடும்" என்பது இன்னொன்று. இந்தப் பெட்டியைப் பொறுத்தவரை இரண்டுமே வீண்செலவு.

பணத்தை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது, இந்தக் கணினி எதற்காகக் காத்திருக்கிறது என்பதைத்தான். பதில் பெட்டிக்குள்ளேயே இலவசமாகக் கிடைக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே அதைப் பார்க்க வேண்டும். பிராசசர் 15, 20 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100-ல் போய் நின்றால் பிராசசரைக் குறை சொல்ல முடியாது. மெமரி 90-ஐத் தாண்டினால் ராம் போதவில்லை. பிராசசரே 100-ல் நிற்கும்போதுதான் அதை மாற்றும் பேச்சுக்கே இடம்.

ஹார்டு டிஸ்க் உள்ள பழைய கணினிகளில் பெரும்பாலும் 100-ல் நிற்பது டிஸ்க்தான். காரணம் எளிய கணக்கு. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லி விநாடி ஆகிறது. வேண்டிய தகவல் முனைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல். முனை சரியான தடத்துக்கு நகர இன்னும் 8, 9 மில்லி விநாடி. ஆக, சிதறிக் கிடக்கும் ஒரு சின்னக் கோப்பைத் தேடி எடுக்க சுமார் 13 மில்லி விநாடி. விநாடிக்கு எண்பது கோப்புகளைக்கூட எட்ட முடியாது. அந்த 13 மில்லி விநாடிக்குள், 3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஐ5-7400-க்கு ஏறத்தாழ 3.9 கோடி துடிப்புகள் கடந்துபோகின்றன. விண்டோஸ் எழுந்திருக்க ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் தேவை. திறமையான சமையல்காரர் அடுப்படியில் தயாராக நிற்க, ஒவ்வொரு கடுகையும் தனித்தனியே கடைக்குப் போய் வாங்கிவருவதைப் போன்ற நிலை அது.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. சாட்டா இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டிகூட சின்னக் கோப்புகளை விநாடிக்குப் பல ஆயிரம் முறை எடுத்துத் தரும். விளம்பர அட்டையில் 550 எம்பி வேகம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். வீட்டு உபயோகத்தில் அந்த எண்ணைவிட, தேடி எடுப்பதற்கான தாமதம் மறைந்துபோவதே பெரிய மாற்றம். அதனால்தான் 3,500 எம்பி, 7,000 எம்பி என்று வேகம் காட்டும் என்விஎம்இ வகைக்குத் தாவினாலும், பிரவுசர் திறப்பதிலும் டேலியில் பில் போடுவதிலும் அதே அளவு துள்ளல் மறுபடி கிடைப்பதில்லை. மேலும், எச்110 போர்டுகள் பலவற்றில் என்விஎம்இ செருக இடமே கிடையாது. சிலவற்றில் எம்.2 துளை இருக்கும். ஆனால் அது சாட்டா வகையை மட்டும் ஏற்பதாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் இங்கே ஏமாறுபவர்கள் அதிகம்.

எனவே இந்தப் பெட்டிக்கு முதல் செலவு 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. 256 ஜிபியும் ஓடும். ஆனால் எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும், கொஞ்சம் இடம் காலியாக இருப்பதே நல்லது. பழைய ஹார்டு டிஸ்க்கை வீசிவிட வேண்டாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதன் உடல்நிலையைச் சொல்லும். அது நன்றாக இருந்தால், கல்யாண ஆல்பமும் பழைய கணக்குகளும் அதிலேயே தங்கட்டும்.

அடுத்தது ராம். 8 ஜிபி நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் இறக்கி வைக்கிறது. இருபது டேப் திறந்த பிரவுசரும் ஃபோட்டோஷாப்பும் சேர்ந்தால் அந்த நிலை சீக்கிரம் வந்துவிடும். 16 ஜிபி ஆக்கினால் போதும். பெட்டியில் இருப்பது ஒரே 8 ஜிபி குச்சி என்றால், அதே வகையில் இன்னொரு 8 ஜிபி சேர்ப்பதில் இரட்டை லாபம் உண்டு. டிடிஆர்4-2400 குச்சி ஒன்று தனியாக விநாடிக்கு 19.2 ஜிபி வரை தகவல் கடத்தும். இரண்டு சேர்ந்து இரு தடத்தில் ஓடினால் 38.4 ஜிபி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினி இந்த ராமையே படம் வரையவும் பயன்படுத்துவதால், அங்கே வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றின் வெட்டுக்குழிகளும் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன. ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது.

ராம் விலைதான் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. ராம் குச்சிகளில் இருக்கும் டிராம் சில்லுகளில் உலக அளவில் பெரும்பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களின் கையில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் அந்தச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகத் தொடங்கியதில், 2025-ன் கடைசி மாதங்களில் கடை விலை எகிறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், குரூஷியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு விற்றுவந்த வணிகத்தையே முடித்துக்கொள்வதாக அறிவித்தது. இந்த நிலையில் பழைய டிடிஆர்4 குச்சியைத் தேடுவது நல்ல யோசனை. ராமில் தேயும் பாகம் எதுவும் இல்லை. மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓர் இரவு ஓடவிட்டால் குறை இருந்தால் காட்டிவிடும். ஆனால் பழைய எஸ்எஸ்டியும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸும் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) அப்படியல்ல. அவை பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்பவை, புதிதாக, பில்லோடு வாங்க வேண்டியவை.

பிராசசர் விஷயத்தில் இன்டெல் ஒரு பொறி வைத்திருக்கிறது. ஐ5-7400-இன் சாக்கெட் எல்ஜிஏ1151. அதே 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறை ஐ5-8400-க்கும் 1151தான். கோர்கள் நான்குக்குப் பதில் ஆறு. எண் ஒன்றே என்று நம்பி வாங்கிவந்தால் உட்காரும், ஆனால் ஓடாது. எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை போர்டு வேண்டும். இந்தப் பெட்டி ஏறக்கூடிய உச்சி ஐ7-7700 வகைதான். அதிலும் கோர்கள் நான்குதான், இழைகள் மட்டும் எட்டு. அதற்குப் பெரிய விலை கேட்டால் நகர்ந்துவிடலாம்.

அதே ஆண்டில் ஏஎம்டி பக்கம் போனவர்களின் கதை வேறு. பி350 போர்டில் ரைசன் 5 1600 போட்டு வாங்கியவர்களுக்கு, 2022 முதல், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் அதே போர்டில் ரைசன் 5 5600 பொருத்தும் வழி பெரும்பாலும் கிடைத்தது. போர்டு, ராம், கேபினட் எதையும் மாற்றத் தேவையில்லை. ஒரே எச்சரிக்கை, பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். கழற்றிய பின் நினைவுக்கு வந்து பயனில்லை.

விண்டோஸ் 11 பொதுவாக இன்டெலின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. ஆகவே ஐ5-7400 வரம்புக்கு வெளியே நிற்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனாளர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பிரவுசரும் கடிதங்களும் மட்டுமே வேலை என்றால் லினக்ஸ் மின்ட் இந்தப் பெட்டியில் சுகமாக ஓடும். விண்டோஸிலேயே ஓடும் கணக்கு மென்பொருள் பிழைப்பாக இருப்பவர்கள் அந்த 2026 அக்டோபர் தேதியைப் பார்த்துவிட்டே செலவை முடிவு செய்ய வேண்டும். எஸ்எஸ்டியையாவது அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோகலாம். அதில் போட்ட பணம் போகாது.

விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ இல்லாதவருக்குக் கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம். தேவைப்படுவோருக்கு, 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி கார்டு பொருத்தமானது. பெரும்பாலும் தனி மின் இணைப்பு கேட்காது. ஆர்எக்ஸ் 6400 இன்னும் குறைவாக, 53 வாட்டில் ஓடும். ஆனால் அது மதர்போர்டோடு பேசுவது நான்கே தடங்களில். நான்காம் தலைமுறை பிசிஐஇ-க்கு அது போதும். பழைய போர்டின் மூன்றாம் தலைமுறையில் பாதை பாதியாகச் சுருங்கிவிடும். வீடியோவை என்கோட் செய்யும் பகுதியும் அதில் கிடையாது. எடிட்டிங்குக்காகத் தேடுபவர் விலையை மட்டும் பார்த்து அதை எடுத்துவிடக் கூடாது.

எல்லோரும் கடைசியில் நினைக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில்தான் மற்ற எல்லாவற்றின் உயிரும் இருக்கிறது. மலிவுப் பெட்டி ஒன்றில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கலாம். பார்க்க வேண்டியது பக்கத்து லேபிளில் உள்ள 12 வோல்ட் வரிசை. அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்க வேண்டும்: 192 வாட். பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த வரிசையிலிருந்துதான். மின்சாரம் அடிக்கடி ஏறி இறங்கும் ஊர்களில் நல்ல எஸ்எம்பிஎஸ் ஆடம்பரச் செலவல்ல. 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைத்தான் சொல்கிறது. பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்துக்கு அது சான்று அல்ல. பிராண்டட் அலுவலகக் கணினிகள் சிலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் அளவும் இணைப்புகளும் தனி வகை என்பதால், கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அவற்றில் பொருந்தாது.

சென்னை ரிச்சி தெருவுக்கோ தங்கள் ஊர்க் கடைக்கோ கிளம்புகிறவர்கள், கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி மூன்று புகைப்படங்கள் எடுத்துக்கொள்வது நல்லது: மதர்போர்டின் மாடல் எண், ராம் துளைகள், எஸ்எம்பிஎஸ் லேபிள். திறந்த கையோடு தூசியையும் ஊதிவிடலாம். விசிறி அடைத்துப்போய்ச் சூட்டில் வேகம் குறைந்த கணினி அதிலேயே ஓரளவு தேறும். பெரும்பாலான சாட்டா எஸ்எஸ்டி டப்பாக்களில் கேபிள் வருவதில்லை. ஞாபகமாக ஒன்று கேட்டு வாங்கிவிட்டால் இன்னொரு முறை பஸ் ஏற வேண்டியிருக்காது.