பழைய சுருட்டின் காரம் ஏன் தணிகிறது?

புது அரிசி குழையும். பழைய அரிசி உதிரும். சுருட்டும் நாள்பட மாறும். புதிதில் தொண்டையைக் கமறவைக்கும், ஓராண்டு கிடந்தால் இதமாகும். எப்படி?

 

ஈர வைக்கோல் போருக்குள் கைவிட்டிருக்கிறீர்களா? சுடும். காய்ந்த புகையிலையை லேசான ஈரத்தோடு அம்பாரமாக அடுக்கினாலும் அப்படித்தான். நுண்ணுயிர்களும் இலையின் நொதிகளும் வேலையைத் தொடங்கும். உள்ளே வெப்பம் 40, 50 டிகிரியைத் தொடும். புரதம் சிதைந்து அம்மோனியா வெளியேறும். கமறலுக்குப் பெரிய காரணம் அந்த அம்மோனியாதான். நிக்கோட்டினும் கொஞ்சம் குறையும். சுற்றிய பிறகும் இந்த மாற்றம் மிக மெதுவாகத் தொடரும்.

அதற்குக் காற்றில் 65–70 சதவீத ஈரப்பதம் வேண்டும். நம் சேலையூரில் ஐப்பசி மழைக்கு அது 80-ஐ எளிதில் தாண்டும். அலமாரியில் அப்பளம் நமத்துப்போவதைப் பார்க்கிறீர்களே, அங்கே சுருட்டை வைத்தால் பூஞ்சணம் பூக்கும். வெக்கையில் புகையிலை வண்டின் முட்டை பொரிந்து, ஊசித்துளைகள் விழும்.

இதம் என்பது நாக்குக்கும் தொண்டைக்கும் மட்டுமே. புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் இலையைப் பதப்படுத்தும்போதே உருவாகின்றன. சுருட்டைப் பழையதாக்குவதால் அவை நீங்குவதில்லை.