அறுபதின் கணக்கு: வீட்டு ஒளிநாடாக்களும் அவற்றின் ஓட்ட நேரமும்

வடக்கே மருதமுனை தொடங்கி, கல்முனை, சாய்ந்தமருது ஊடாக, தெற்கே நிந்தவூர், அக்கரைப்பற்று வரை நீளும் கரையோர ஊர்களில், பழைய வீடியோ நாடாக்கள் இன்னும் பல வீடுகளின் அலுமாரிகளிலே உறங்குகின்றன. மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் நாடிச் சென்றோர் கொண்டு வந்த ஒளிப்பதிவுப் பெட்டிகளில், நிக்காஹ் வைபவங்களும், பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிகளும், ஹஜ்ஜுக்குப் புறப்படுவோரை வழியனுப்பும் காட்சிகளும் பதிவாயின. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. இலங்கையின் மாவட்டங்களுள் அம்பாறையே அன்று மிகுதியான உயிர்களை இழந்தது. அலையில் தப்பிய நாடாக்கள் அதன் பின்னர் புதியதொரு மதிப்பைப் பெற்றன. அன்று மறைந்த ஓர் உம்மாவின் நடையும் குரலும் ஒரு நாடாவில் நாலு நிமிடம் இருக்குமாயின், அந்த நாலு நிமிடத்திற்கு விலை ஏது?

இத்தகைய சேகரிப்பை ஒழுங்குபடுத்த முற்படுவோர், “வீட்டில் எத்தனை நாடா இருக்கின்றது?” என்றே முதலில் எண்ணுகின்றனர். எண்ணிக்கை வேண்டியதுதான், ஆயினும் அது போதியதன்று. மருதமுனையின் கைத்தறி நெசவாளர், நூற்கட்டுகளை மட்டும் எண்ணி இத்தனை சேலை வரும் என்று சொல்வதில்லை. பாவின் நீளத்தை அளந்தே சொல்வர். நாடாவுக்கும் அத்தகைய நீளம் ஒன்று உண்டு. அதுவே அதன் ஓட்ட நேரம். எல்லா நாடாக்களின் ஓட்ட நேரத்தையும் கூட்டி வருகின்ற தொகையே சேகரிப்பின் உண்மையான அளவு.

இந்த அளவு ஏன் இன்றியமையாதது? பழைய நாடாவை இலக்கமுறைப் பிரதியாக மாற்றும்பொழுது, ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு மணி நேரம் முழுமையாகச் செலவாகும். அது புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவது போன்றதன்று. நாடா ஓடியே தீரவேண்டும். இந்த வீ.எச்.எஸ். முறையை 1976ஆம் ஆண்டில் யப்பானின் ஜேவிசி நிறுவனம் அறிமுகப்படுத்தியது. அந்நாடாக்களை ஓட்டும் பெட்டியைக் கடைசிவரை உற்பத்தி செய்து வந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் அதனை நிறுத்திவிட்டது. கடற்காற்றின் ஈரமோ நாடாவிற் பூஞ்சணத்தை வளர்க்கின்றது. ஆகவே, மீதமிருக்கும் பெட்டி பழுதாகுமுன் எத்தனை மணி நேர வேலை காத்திருக்கின்றது என்பதை அறிவது, வேலையிற் பாதியை முடித்தது போன்றதாகும்.

இனி, அளக்கும் முறையைக் காண்போம். நாடாவின் முகப்பில் ‘ஈ-180’ என்று அச்சிட்டிருந்தால், வழமையான வேகத்தில் அதில் 180 நிமிடம் பதியலாம் என்பது பொருள். 180 நிமிடம் மூன்று மணி; பழைய கணக்கிற் சொல்வதானால் ஏழரை நாழிகை, அதாவது ஒரு சாமம். ஆனால் அது நாடாவின் கொள்ளளவேயன்றி, உள்ளே இருக்கும் பதிவின் அளவன்று. நாடா பாதியிலே நின்றிருக்கலாம். குறைந்த வேகத்திற் பதிந்திருந்தாலோ, அதே நாடாவில் ஆறு மணி நேரக் காட்சி அடங்கியிருக்கலாம். பழைய பெட்டிகளின் முகப்பில் ஓடும் எண்ணையும் நிமிடம் என்று கொள்ளுதல் தவறு. அந்த எண் சுருளின் சுற்றுகளைக் குறிப்பது. சுருள் பருத்திருக்கையில் ஒரு சுற்றுக்குச் செல்லும் நேரமும், மெலிந்திருக்கையில் செல்லும் நேரமும் ஒன்றல்ல.

அளப்பதற்கென்றே எல்லா நாடாக்களையும் ஒருமுறை ஓட்டுவதும் விவேகமாகாது. தேய்ந்த நாடா மேலும் தேயும். முதலில், நாடாவின் கண்ணாடிச் சாளரத்திற் சுருளைப் பார்த்து ஓர் உத்தேச அளவு எழுதிக்கொள்ளலாம். பிரதி எடுக்கும் நாளில் கைக்கடிகாரத்தின் துணையுடன் மெய்யளவைக் கண்டு, உத்தேசத்தை அடித்துவிட்டு அதனை எழுதவேண்டும். எது உத்தேசம், எது மெய்யளவு என்பது பட்டியலிலே தெளிவாகத் தெரிதல் நன்று.

அடுத்தது கூட்டல். பலர் இடறி விழும் இடம் இதுவே. மூன்று நாடாக்கள் இருப்பதாகக் கொள்வோம். முதலாவது 2 மணி 47 நிமிடம். இரண்டாவது 1 மணி 52 நிமிடம். மூன்றாவது 2 மணி 39 நிமிடம். இவற்றை 2.47, 1.52, 2.39 என்று புள்ளியிட்டு எழுதிக் கணிப்பொறியிற் கூட்டினால் 6.38 என்று வரும். ஆறு மணி முப்பத்தெட்டு நிமிடம் என்று எழுதிவிட்டால் கணக்குப் பிழைத்துப்போகும். சரியான வழி யாதெனில், நிமிடங்களைத் தனியே கூட்டுவது: 47, 52, 39 சேர்ந்தால் 138. அதனை 60ஆல் வகுக்க 2 மணியும் 18 நிமிடமும் வரும். மணிகளின் கூட்டுத்தொகை 5. அதனுடன் 2 சேர, மொத்தம் 7 மணி 18 நிமிடம்.

இரண்டு விடைகளுக்கும் இடையே சரியாக 40 நிமிட வேற்றுமை உளது. கணிப்பொறி நூறு சேர்ந்த பின்னரே ஒன்றை இடப்புறம் கொண்டு செல்கின்றது. கடிகாரமோ அறுபதிலேயே கொண்டு செல்கின்றது. எனவே, நூறு நிறைந்து ஒன்று இடம் மாறும் ஒவ்வொரு தடவையும் நாற்பது நிமிடம் கணக்கிலிருந்து மறைந்துபோகின்றது. முப்பது நாடாக்களின் நிமிடப் பகுதிகள் மட்டும் சேர்ந்து 900 ஆகுமாயின், அவை உண்மையில் 15 மணி நேரம். புள்ளிக் கணக்கிலோ 9 மணி நேரமே. ஆறு மணி நேரம் காணாமற் போய்விடும்.

அறுபதின் கணக்கு தமிழருக்குப் புதியதன்று. அறுபது விநாடி சேர்ந்தது ஒரு நாழிகை. அறுபது நாழிகை சேர்ந்தது ஒரு நாள். நாழிகைக் கணக்கின் விநாடி வேறு, கடிகாரத்தின் செக்கன் வேறு எனினும், அறுபது நிரம்பியதும் அடுத்த படிக்கு ஏறும் விதி ஒன்றே.

கணினியின் விரிதாளைப் பயன்படுத்துவோருக்கு மற்றோர் எச்சரிக்கை. 2:47 என்று முக்காற்புள்ளியிட்டு எழுதினால் விரிதாள் அதனை நேரமென அறிந்து ஒழுங்காகவே கூட்டும். ஆயினும் மொத்தம் 24 மணியைக் கடந்ததும், அது ஒரு முழு நாளை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் காட்டக்கூடும். 31 மணி நேரச் சேகரிப்பு 7 மணி நேரமாகத் தோன்றும். நேர வடிவத்தில் மணிக்குரிய எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இட்டால் முழுத் தொகையும் தெரியும். இதனினும் எளிய வழி, யாவற்றையும் நிமிடமாகவே எழுதிக் கூட்டி, ஈற்றில் ஒருமுறை மட்டும் 60ஆல் வகுப்பது. செக்கன்களை அண்மித்த நிமிடத்திற்கு மாற்றினாற் போதும். நாற்பது நாடாக்களிலும் சேர்ந்து பிழை இருபது நிமிடத்தை விஞ்சாது.

ஒரே நிக்காஹின் பிரதிகள் இரண்டு மூன்று இருத்தலும் இயல்பு. அவை யாவற்றையும் கூட்டினால் மொத்தம் வீணே பெருகும். ஆதலின் ஒரு நிகழ்ச்சியின் நேரத்தை ஒருமுறை மட்டுமே தொகையிற் சேர்த்து, மற்றைய பிரதிகளை வேறொரு நிரலிற் குறித்தல் வேண்டும். பிரதிகளை எறிந்துவிடலாகாது; ஒன்றிற் சிதைந்த பகுதி மற்றொன்றில் நன்றாக இருக்கக்கூடும். சேகரிப்பிலுள்ள திரைப்படங்களுக்கு அச்சிட்ட நேரமும் ஓட்ட நேரமும் பொருந்தாவிடின் வியப்படைய வேண்டியதில்லை. செக்கனுக்கு 24 படம் ஓடும் திரைப்படத்தை, இலங்கையில் வழங்கும் பால் முறை நாடாவுக்கு மாற்றும்பொழுது 25 படமாக ஓட்டுவது வழக்கம். அதனால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும்.

இவ்வாறு கண்ட மொத்தம் 72 மணி என்று கொள்வோம். இரவுதோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் 36 இரவுகளிற் பணி முடியும். சாதாரண டிவிடித் தட்டொன்றில் இரண்டு மணி நேரம் அடக்கினால் 36 தட்டுகள் தேவை. தரம் குன்றாத டிவி வடிவில் வைப்பதாயின், மணிக்கு ஏறத்தாழ 13 கிகாபைட் வீதம், 936 கிகாபைட் இடம் வேண்டும். மலைபோலத் தோன்றிய வேலை, நாளும் செலவும் தெரிந்த வேலையாகிவிடுகின்றது.

நாள் தெரிந்த பின்னரே வரிசையையும் தீர்மானிக்க முடியும். கடையிற் கிடைக்கும் திரைப்படம் காத்திருக்கலாம். வேறு எங்கும் பிரதியில்லாத நாடாவும், பழுதடையத் தொடங்கிய நாடாவும் முதலிடம் பெறவேண்டும். பூஞ்சணம் படிந்ததைப் பெட்டியில் இடாது, துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் ஒப்படைத்தல் நலம். இன்றேல் பெட்டியும் கெட்டு, அடுத்த நாடாவும் கெடும்.

ஒரு பயிற்சிக் கொப்பியும் ஒரு பென்சிலும் இதற்குப் போதும். நாடாவின் இலக்கம், நிகழ்ச்சி, ஆண்டு, நிமிடம், பிரதி எடுத்த திகதி என ஐந்து நிரல்கள் கீறிக்கொண்டால், வீட்டிலுள்ள மாணவர் எவரும் எழுதிவிடலாம். எழுதும்பொழுது பெரியவர்களை அருகில் இருத்திக்கொள்வது நல்லது. நாடாவில் வருவோர் இன்னார் என்று பெயர் சொல்லக்கூடியவர்கள் அவர்களே. அவர்களுடைய காலமும் அளவுடையதுதான்.