தில்லியில் ஒரு முதல் பூந்தோட்டம்

பிழைப்பை நாடி வடநாடு வந்த நம்மவர்கள் ஊரில் எதை விட்டு வந்தாலும் பூவின் மேலுள்ள ஆசையை விட்டு வருவதில்லை. வெள்ளிக்கிழமை சுவாமி படத்துக்கு ஒரு சரம், பெண் குழந்தையின் பின்னலுக்கு ஒரு முழம், இவை இல்லாத நாள் நமக்கு நிறைவு பெற்ற நாளாகத் தோன்றுவதில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கலாம்தான். ஆயினும் விடியற்காலையில் நம் கையால் வளர்த்த செடியிலிருந்து பத்துப் பூவேனும் பறிக்கும் இன்பம் வேறு. அந்த ஆசையால் முதன்முதலில் தோட்டம் போடப் புகும் அன்பர்களுக்கு நாம் பட்டறிந்த சிலவற்றை இங்கே கூற விரும்புகிறோம்.

நாம் தில்லியில் குடியேறிய முதல் ஆண்டு, ஆவணி மாதத்தில் நம் அன்னையார் ஊரிலிருந்து வந்தார். ஈரச் சாக்கில் சுற்றிய குண்டுமல்லிப் பதியன் ஒன்றை இரண்டு இரவு ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். பாட்டியார் கொல்லையில் நட்ட செடியின் வழிவந்தது அது. தொட்டியில் நட்டோம், புதுத் தளிரும் விட்டது. கார்த்திகைக் கடைசியில் இலைகள் மஞ்சளித்து உதிரத் தொடங்கின. பதறிப்போய்க் காலையிலும் மாலையிலும் நீர் வார்த்தோம். பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றினோம். தை பிறந்தபோது தண்டைக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை இல்லை. பிடுங்கினோம், வேர் முழுவதும் அழுகியிருந்தது.

அண்டை வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்யும் முதியவரான மாலி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "செடி குளிருக்கு உறங்கியது, பாபுஜி. உறங்குகிறவன் வாயில் யாராவது சோற்றைத் திணிப்பார்களா?" என்று தம் இந்தியில் கேட்டார். நமக்கு மறுமொழி சொல்ல நா எழவில்லை.

'மல்லி எப்படி இருக்கிறது?' என்று அன்னையார் எழுதிய கடிதத்துக்கு ஒரு மாதம் பதில் எழுதாமல் காலம் கடத்தினோம். பிறகு உள்ளதை எழுதினோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. 'வேறொன்று பதியம் போட்டிருக்கிறேன். நான் வருவதற்குள் அந்த ஊர்க் காலத்தைத் தெரிந்துவை' என்று மட்டும் எழுதியிருந்தார். முதல் தோட்டம் போடுகிறவர் அறிய வேண்டியது எல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது என்பதே நம் கருத்து.

இவ்வூர்ப் பட்டம்

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் நாட்டில் ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலம். இங்கோ பருவமழை ஜூன் மாத இறுதியில் தொடங்கிச் செப்டம்பரில் ஓய்ந்துவிடும். ஐப்பசியில் வானம் தெளிந்திருக்கும். குளிர்கால இரவுகளில் வெப்பம் 5 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு; மே, ஜூன் மாதப் பகல்களில் 45 பாகையை எட்டுவதும் உண்டு. இவ்விரு கொடுமைகளும் நம் ஊர்ச் செடிகள் அறியாதவை.

ஆகவே ஆடிப் பட்டம் இங்கே செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, பவழமல்லி போன்ற நின்று வளரும் செடிகளை நடுவதற்கு உகந்தது. மழைஈரத்தில் அவை எளிதாக வேர் பிடிக்கும். விதையிலிருந்து வளர்ந்து ஒரே பருவத்தில் பூத்து முடியும் செடிகளுக்கோ, புரட்டாசிக் கடைசி முதல் ஐப்பசி முழுவதுமே நல்ல பட்டம். அப்போது விதைப்பவை மாசி மாதத்தில் நிறைந்து பூக்கும். குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம், முன்னர் மொகலாயத் தோட்டம் என வழங்கி 2023-இல் அமிர்த உத்தியானம் எனப் பெயர் மாற்றப்பட்டது, ஆண்டுதோறும் பிப்ரவரியை ஒட்டிப் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதும் இக்காரணம் பற்றியே.

இடமும் மண்ணும்

அடுக்கு வீடுகளில் வாழ்வோருக்கு நிலம் ஏது? பால்கனியே தோட்டம். எனவே தொட்டி வாங்குமுன் வெயிலை அளந்து கொள்க. குளிர்காலத்தில் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்வதால், தெற்கு நோக்கிய பால்கனிக்கு அப்போது நல்ல வெயில் கிடைக்கும். வடக்கு நோக்கியதற்குக் கிடைக்காது. பூச்செடிகளுள் பெரும்பாலானவற்றுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயிலாவது வேண்டும். வெயில் வராத இடத்தில் இலை செழிக்கும்; பூ வராது.

தொடக்கத்தில் ஐந்து தொட்டிகள் போதும். ஆசை மிகுதியால் இருபது வாங்கியவர்கள் மூன்றாம் மாதத்தில் சலித்துப்போவதைக் கண்டிருக்கிறோம். பத்து அல்லது பன்னிரண்டு அங்குல மண் தொட்டி நல்லது. அடியிலுள்ள துளையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நீர் வடியும், மண் வெளியேறாது. தோட்ட மண் 2 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு, நன்கு மக்கிய சாணி எரு 1 பங்கு கலந்து நிரப்புக. பச்சைச் சாணம் கூடாது. அதன் சூடு வேரைக் கருக்கிவிடும். இப்பகுதியில் கரையான் தொல்லை உண்டாதலால், ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கும் சேர்ப்பது நன்று. விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே மண் நிற்கட்டும். அந்த இடமே நீர் தங்கும் இடம்.

எதிலிருந்து தொடங்குவது?

செண்டுமல்லியிலிருந்து தொடங்குக. விசேஷ நாளில் வாங்கிய மாலையை எறியாமல், நன்கு மலர்ந்த பூக்களை நிழலில் உலர்த்தி உதிர்த்தால், அவற்றுள் முற்றிய விதைகள் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். குழந்தைகளைக் கொண்டு விதைக்கச் செய்தால் அவர்களே நீர் விடவும் வந்து நிற்பார்கள். பெட்டூனியா போன்றவற்றின் விதை மிக நுண்ணியது. மணலோடு கலந்து தூவி, மேலே மண்ணை மூடாமல் நீரைத் தெளிக்க வேண்டும். முதல் ஆண்டில் அவற்றை நாற்றாகவே நர்சரியில் வாங்கி விடலாம். பூ விரிந்த நாற்றைவிடக் குட்டையாய்ப் பக்கக்கிளை விட்டதைத் தேர்ந்தெடுங்கள். நடவை மாலையில் செய்க. செண்டுமல்லி ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைகள் பெருகும். வாடிய பூவை உடனுக்குடன் அகற்றினால் புதுப் பூ வரும்; விட்டுவைத்தால் செடி விதை கட்டுவதில் முனைந்து பூப்பதை நிறுத்திவிடும்.

நீர் விடும் முறை

புதியவர்கள் கையில் செடிகள் மடிவதற்கு வறட்சியைவிட நீர் மிகுதியே பெரிதும் காரணம். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடைவெளிகளில் எப்போதும் நீர் நின்றால் வேர் மூச்சின்றி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் இலை வாடும். வாடியதைக் கண்டு நாம் மேலும் ஊற்றுகிறோம். நம் மல்லிக்கு நேர்ந்ததும் இதுவே. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று நீர் வேண்டாம். குளிர்காலத்தில் காலை வேளையில் விடுவது நலம். லூ என்னும் அனல் காற்று வீசும் நாட்களில் காலையும் மாலையும் வேண்டியிருக்கும். தொட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி வைத்து, நண்பகலில் நிழலுக்கு ஒரு பழந்துணியையேனும் கட்டுக.

நம் ஊர்ப் பூக்கள்

மல்லிகைக்கு மார்கழியிலும் தையிலும் நீரைக் குறைத்து, எருவை அறவே நிறுத்த வேண்டும். நம் நாட்டில் கார்த்திகையை ஒட்டிக் கவாத்துச் செய்வார்கள். இங்கே தை மாதக் கடைசியில், குளிர் தணிந்தபின் செய்க. பிறகு மேல்மண்ணைக் கொத்தி எருவிட்டால் பங்குனியில் தளிர்த்து, வெயில் ஏற ஏறப் பூக்கும். மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அவ்வூர் மண்ணும் வெயிலும் தரும் மணத்தையும் பருமனையும் தில்லித் தொட்டியில் எதிர்பார்ப்பது முறையன்று.

சாமந்திக்கு இவ்வூர்க் குளிர் ஒத்துக்கொள்ளும். இரவு நீளும் காலத்தில் அரும்பு கட்டும் செடி அது. ஆகையால் தெருவிளக்கின் ஒளி இரவெல்லாம் விழும் மூலையில் வைத்தால் பூக்கத் தயங்கும். அரும்பில் அசுவினி மொய்த்தால், ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சிறிது சோப்பும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

கனகாம்பரம் குளிர் தாங்காது. மார்கழி இரவுகளில் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வைக்க மனமுள்ளவர்கள் மட்டும் அதை வளர்க்கலாம். கோடைக்குக் கோழிக்கொண்டை, வாடாமல்லி, பத்துமணிப் பூ ஆகியன வெயிலுக்கு அஞ்சாதவை.

அன்னையார் சொன்னபடியே இரண்டாவது பதியனோடு வந்தார். இம்முறை குளிர்காலம் முழுவதும் அது மொட்டைக் குச்சியாக நின்றது. வாரம் ஒருமுறை விரலை நுழைத்துப் பார்த்ததன்றி நாம் வேறொன்றும் செய்யவில்லை. அதுவே நமக்குப் பெரும் தவமாக இருந்தது. பங்குனி பத்தாம் நாள் கணுவில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. சித்திரையில் முதற் பூ ஏழு மலர்ந்தன. ஒரு சரத்துக்குப் போதா. ஆயினும் அவற்றை ஒரு கிண்ணத்து நீரில் இட்டு, அன்றே அன்னையாருக்குக் கடிதம் எழுதினோம். அக்கடிதத்துக்கு ஒரு நாளும் காலம் கடத்தவில்லை.

அன்பர்கள் வரும் ஐப்பசியில் ஐந்து தொட்டிகளோடு தொடங்குவார்களாக. செடி வேர் பிடித்தபின் ஒரு பதியனைப் புதிதாகக் குடிவந்த அடுத்த குடும்பத்துக்கும் கொடுங்கள். கொடுக்கும்போது இவ்வூர்க் காலத்தையும் சொல்லிக் கொடுங்கள்.